வாசகர் கேள்வி – பதில்: ஜெர்மானிய மொழிகளில் ‘சிரி’ என்னும் வினை

ஆங்கிலத்தின் ‘லாஃப்’ என்னும் சொல்லும் ஜெர்மன் மொழியின் ‘லாஹென்’ என்னும் சொல்லும் உடன்பிறந்தவை என்று சென்ற இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து வந்த கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதால் இந்த இதழின் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். உச்சரிப்பு பற்றி ஒரு குறிப்பை முதலில் சொல்லிவிட வேண்டும். இச்சொற்களின் நடுவிலும் இறுதியிலும் ‘ஹ்’ என்று நான் எழுதும் இடங்களில், ‘எஃகு’ என்று அழுத்திச் சொல்லும்போது ஆய்தம் ஒலிப்பதைப் போல, தொண்டையை ஒட்டிக் காற்று உரசிவரும் ஒலியை வாசகர்கள் கொள்ள வேண்டும்.

வாசகி, கோயம்புத்தூர்: நான் ஜெர்மன் மொழி கற்றுவருகிறேன். ஆங்கிலத்தின் ‘மேக்’ ஜெர்மனில் ‘மாஹென்’ என்றும், ‘புக்’ என்பது ‘பூஹ்’ என்றும் வருகின்றன. ‘லாஹென்’ என்பதும் அந்த வரிசையைச் சேர்ந்ததுதானா? அப்படியானால் ஆங்கிலத்தில் அது ‘க்’ ஒலியில் அல்லவா முடிந்திருக்க வேண்டும்?

கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. ‘லாஹென்’ அந்த வரிசையைச் சேர்ந்ததன்று. ஜெர்மன் மொழியில் இன்று ஒன்றுபோல் ஒலிக்கும் ‘ஹ்’ இரண்டு வெவ்வேறு காலங்களில் பிறந்தது. ‘மாஹென்’, ‘பூஹ்’ ஆகியவற்றில் உள்ள ‘ஹ்’ பழைய ‘க்’ ஒலி மாறியதால் வந்தது. ஏறத்தாழ ஆறாம் நூற்றாண்டுக்கும் எட்டாம் நூற்றாண்டுக்கும் இடையே, ஜெர்மன் பேசிய நிலப்பரப்பின் தென்பகுதியில் இந்த மாற்றம் நிகழ்ந்தது. வடக்கே கடலோரத்தில் இருந்த டச்சு மொழியை அது எட்டவில்லை. ஆகவே டச்சுக்காரர்கள் இன்றும் ‘மாகென்’ என்பதையும் ‘பூக்’ என்பதையும் ‘க்’ ஒலியோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அதே டச்சுக்காரர்கள் சிரிப்பதை மட்டும் ‘லாஹென்’ என்று, தொண்டை உரசலோடு சொல்கிறார்கள். தென்னகத்து மாற்றம் எட்டாத மொழியிலும் இந்த உரசல் இருக்கிறதென்றால், அது அந்த மாற்றத்துக்கு முன்பே அங்கே இருந்திருக்க வேண்டும். இரண்டு ‘ஹ்’களையும் பிரித்தறிய ஜெர்மன் மாணவருக்கு டச்சு மொழியைப் போல் கைகொடுப்பது வேறொன்றும் இல்லை.

அந்தப் பழைய உரசல் எப்படி வந்தது என்பதைப் பார்க்க மேலும் ஓராயிரம் ஆண்டுகளுக்கு மேல் பின்னோக்கிச் செல்ல வேண்டும். ஆங்கிலம், ஜெர்மன், டச்சு, ஸ்காண்டிநேவிய மொழிகள் முதலிய ஜெர்மானிய மொழிகள் யாவும் ஒரே மொழியாக இருந்த காலத்தில், அவற்றுக்கும் லத்தீன், சமஸ்கிருதம் போன்றவற்றுக்கும் பொதுத் தாயான இந்தோ-ஐரோப்பியத்தின் ‘க்’ ஒலி அங்கே ‘ஹ்’ ஆகத் தளர்ந்தது. லத்தீனில் நூறு ‘கெந்தும்’. ஆங்கிலத்தில் அது ‘ஹண்ட்ரட்’. லத்தீனில் இதயம் ‘கோர்’, ஆங்கிலத்தில் ‘ஹார்ட்’. டென்மார்க்கைச் சேர்ந்த ராஸ்முஸ் ராஸ்க் 1818இல் வெளியிட்ட கட்டுரையிலும், யாக்கோப் கிரிம் 1822இல் வெளியிட்ட ஜெர்மன் இலக்கணத்தின் இரண்டாம் பதிப்பிலும் விளக்கிக் காட்டிய ஒலிமாற்றம் இதுவே. சிரிப்புக்கான வேரில் ‘க்’ இரண்டு இடங்களில் இருந்தது. ‘க்லக்’ என்பது போன்ற வடிவம் இந்த மாற்றத்துக்கு ஆட்பட்டு ‘ஹ்லஹ்’ ஆயிற்று. அதனோடு ‘ய’ ஒட்டி ‘ஹ்லஹ்ய’ என்னும் வினையடி உண்டானது. எழுத்தில் கிடைக்கும் வடிவங்கள் இதை உறுதிசெய்கின்றன. காத் மக்கள் பேசி இன்று வழக்கிழந்த காத்திக் மொழியில் ‘ஹ்லஹ்யன்’, பழைய ஆங்கிலத்தின் மேற்கு சாக்ஸன் வழக்கில் ‘ஹ்லியெஹ்ஹன்’, அதன் வடபகுதி வழக்கில் ‘ஹ்லாஹ்ஹன்’, ஸ்காண்டிநேவிய மொழிகளின் மூத்த வடிவமான பழைய நார்ஸ் மொழியில் ‘ஹ்லேயா’ என்று அது காணப்படுகிறது.

இவற்றை வரிசையாக வைத்துப் பார்க்கும் வாசகர், ஆங்கிலத்தில் ‘ஹ்’ இரட்டித்திருப்பதையும் நார்ஸில் அது மறைந்தே போயிருப்பதையும் கவனிப்பார். ஆங்கிலம், ஜெர்மன், டச்சு முதலிய மேற்கு ஜெர்மானிய மொழிகளில் ‘ய’வுக்கு முன்னால் வந்த மெய் இரட்டிக்கும். இரட்டித்த உரசல் வலுப்பெற்றுத் தங்கிவிட்டதால்தான் ஜெர்மனும் டச்சும் இன்றுவரை அதை இழக்கவில்லை. வடக்கு மொழிகளில் அந்த இரட்டிப்பு நிகழவில்லை. உயிர்களுக்கு நடுவே தனியாக நின்ற மெல்லிய ‘ஹ்’ கரைந்துபோயிற்று. ஐஸ்லாந்து மொழியின் ‘ஹ்லையா’, டேனிஷ், நார்வேஜியன், ஸ்வீடிஷ் மொழிகளின் ‘லே’ ஆகியவை அப்படி வந்தவை. மேற்கே, லக்ஸம்பர்க் மொழியில் ‘லாஹென்’, எபிரேய எழுத்தில் எழுதப்படும் யித்திஷ் மொழியில் ‘லஹ்ன்’, தென்னாப்பிரிக்காவின் ஆஃப்ரிகான்ஸில் ‘லஹ்’, நெதர்லாந்தின் வடக்கே பேசப்படும் மேற்கு ஃப்ரீசியத்தில் ‘லைட்ஸ்ய’.

சொல்லின் முதலில் நின்ற ‘ஹ்’ ஏறத்தாழ எல்லா இடங்களிலும் உதிர்ந்துவிட்டது. ஜெர்மனில் அது ஒன்பதாம் நூற்றாண்டை ஒட்டி மறைந்தது. ஆங்கிலத்தில், பிரான்சிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தை வென்றதற்குப் பிந்தைய இரண்டு நூற்றாண்டுகளில் படிப்படியாக மறைந்தது. ஆங்கிலத்தின் ‘லோஃப்’, ‘லவுட்’, ‘ரிங்’, ‘நட்’ ஆகிய சொற்களும் ஒரு காலத்தில் ‘ஹ்’ என்று தொடங்கியவைதாம். ஐஸ்லாந்து மட்டும் அதைக் கைவிடவில்லை. அங்கே ‘ஹ்லையா’ என்று சொல்பவரின் ‘ல’ இன்றும் குரலற்ற மூச்சாகவே தொடங்குகிறது.

வாசகர், பாளையங்கோட்டை: இந்த வினை எழுத்தில் பதிவாகியுள்ள பழமையான இடம் எது?

நீண்ட உரையாக எஞ்சியிருக்கும் ஜெர்மானிய எழுத்துகளுள் காலத்தால் முந்தியது காத்திக் விவிலியம். நான்காம் நூற்றாண்டில், டான்யூப் நதிக்கரைப் பகுதியில் வாழ்ந்த காத் மக்களுக்காக வுல்ஃபிலா என்னும் ஆயர் அதைக் கிரேக்கத்திலிருந்து மொழிபெயர்த்தார். அந்த மொழிபெயர்ப்பின் புகழ்பெற்ற பிரதி, ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியில் எழுதப்பட்ட ‘வெள்ளிச் சுவடி’. ஊதாச் சாயம் ஏற்றிய தோலில் வெள்ளி மையாலும் பொன் மையாலும் எழுதப்பட்ட அதன் 187 ஏடுகள் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. இன்னும் ஓர் ஏடு 1970இல் ஜெர்மனியின் ஷ்பையர் நகரில் கண்டெடுக்கப்பட்டது.

லூக்கா நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில் நம் வினை அடுத்தடுத்து இரண்டு வடிவங்களில் வருகிறது. இப்போது சிரிக்கிறவர்களுக்குக் கேடு என்னும் 25ஆம் வசனத்தில் ‘ஹ்லஹ்யந்தன்ஸ்’ என்று, சிரிக்கிறவர்கள் என்னும் பொருளில், நேராகவே வருகிறது. இப்போது அழுகிற நீங்கள் பேறுபெற்றவர்கள், நீங்கள் சிரிப்பீர்கள் என்னும் 21ஆம் வசனத்தில்தான் வுல்ஃபிலாவின் கை தெரிகிறது. கிரேக்க மூலத்தில் அது சாதாரணத் தன்வினை. காத்திக் மொழியில் அவர் ‘உஃப்ஹ்லோஹ்யந்த’ என்று எழுதினார். இது சிரிக்கவைத்தல் என்னும் பிறவினையின் செயப்பாட்டு வடிவம்; ‘நீங்கள் சிரிக்கவைக்கப்படுவீர்கள்’ என்பது அதன் பொருள். அழுகிறவர் தாமாகச் சிரித்துவிட மாட்டார், அவரைச் சிரிக்கவைக்க வேறொருவர் வேண்டும் என்னும் நுட்பத்தை மூலத்தில் இல்லாத ஓர் இலக்கண வடிவத்தால் அவர் கொண்டுவந்திருக்கிறார். மொழிபெயர்ப்பில் இதைவிட அழகான முடிவுகளை நான் அதிகம் கண்டதில்லை.

இறந்துபோனதாகக் கருதப்பட்ட சிறுமியை ‘உறங்குகிறாள்’ என்று இயேசு சொன்னபோது சுற்றியிருந்தவர்கள் நகைத்த இடத்தில், ‘பி’ என்னும் முன்னொட்டுடன் ‘பிஹ்லோஹுன்’ என்று வருகிறது. எள்ளிச் சிரித்தார்கள் என்பது பொருள். அதே முன்னொட்டு, நகைப்புக்கிடமான என்று பொருள்படும் டச்சுச் சொல்லான ‘பெலாஹெலெக்’ என்பதில் இன்றும் வாழ்கிறது.

ஆசிரியை, மதுரை: மாணவர்கள் ஆண்டுதோறும் கேட்கும் கேள்வி இது. ‘ஜி, எச்’ என்ற இரண்டெழுத்தில் முடியும் ‘லாஃப்’ ஏன் ‘ஃப்’ என்று ஒலிக்கிறது? ‘டாட்டர்’ என்பதில் அதே எழுத்துகள் ஏன் ஒலிப்பதே இல்லை?

அந்த இரண்டெழுத்துகளும் தொடக்கத்தில் தொண்டை உரசலைக் குறிக்கவே எழுதப்பட்டவை. பழைய ஆங்கிலத்தில் அதை ‘எச்’ என்ற ஒற்றை எழுத்தால் எழுதினார்கள். 1066இல் நடந்த நார்மன் வெற்றிக்குப் பின்னர்ப் பிரெஞ்சு முறையில் பயின்ற எழுத்தர்களின் கையில் எழுத்துமுறை மாறியபோது, ‘ஜி, எச்’ என்ற இணை படிப்படியாக அந்த இடத்தைப் பிடித்தது. ஜெர்மன் மொழியோடு ஒப்பிட்டால் பழைய ஒலி தெளிவாகக் கேட்கும். இரவைக் குறிக்கும் ‘நைட்’ அங்கே ‘நாஹ்ட்’. ‘டாட்டர்’ அங்கே ‘டோஹ்டர்’.

பிற்காலத்தில் ஆங்கிலம் இந்த உரசலை அறவே கைவிட்டது. பெரும்பாலான சொற்களில் அது மௌனமாயிற்று. ஆனால் அதற்கு முன்னால் ‘உ’வின் சாயல் இருந்த சில சொற்களில் வேறொரு வழி திறந்தது. ‘லவுஹ்’ என்று சொல்லிப் பாருங்கள்: ‘உ’வுக்காகக் குவிந்த உதடுகள் விரிவதற்கு முன்பே தொண்டையில் உரசல் தொடங்கிவிடுகிறது. குவிந்த உதடுகளின் வழியே வெளிவரும் அந்த மூச்சு, கேட்பவர் காதில் ‘ஃப்’ போலவே விழும். கேட்டுப் பழகும் குழந்தை அதை ‘ஃப்’ என்றே கற்றுக்கொண்டது. ‘காஃப்’, ‘ரஃப்’, ‘டஃப்’, ‘எனஃப்’ எல்லாம் இவ்வழியே வந்தவை.

அப்படியானால் ‘டாட்டர்’ ஏன் தப்பியது என்று மாணவர்கள் விடாமல் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். உண்மையில் அது முழுவதும் தப்பவில்லை. இங்கிலாந்தின் வட்டார வழக்குகள் சிலவற்றில் அச்சொல்லும் ‘ஃப்’ ஒலியோடு வழங்கியிருக்கிறது. பல வட்டாரங்களிலிருந்து மக்கள் வந்து கூடிய லண்டனில், ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு மூன்று உச்சரிப்புகள் ஒரே காலத்தில் புழங்கின. அவற்றுள் ஒரு சொல்லுக்கு ஒன்றும் இன்னொரு சொல்லுக்கு மற்றொன்றும் நிலைபெற்றன. வில்லியம் காக்ஸ்டன் 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் தொடங்கிய பிறகு, ஒலி இன்னும் அலைந்துகொண்டிருந்த அதே காலத்தில், எழுத்து மெல்ல மெல்ல உறைந்துபோனது.

ஒலி மாறிவிட்டதற்கு அச்சிலேயே ஒரு சான்று இருக்கிறது. ஷேக்ஸ்பியரின் ‘மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்’ நாடகம் 1600இல் அச்சானபோது, பக் என்னும் குறும்புக்காரப் பாத்திரம் பேசும் வரிகளில் இருமலைக் குறிக்கும் சொல் ‘காஃப்’ என்றும், சிரிப்பைக் குறிக்கும் சொல் அதற்கு இயைபாக ‘லாஃப்’ என்றும், இரண்டும் ‘எஃப்’ எழுத்தை இரட்டித்தே அச்சிடப்பட்டன. ‘ஜி, எச்’ அங்கே இல்லை. ஸ்காட்லாந்தின் ஸ்காட்ஸ் மொழியில் மட்டும் பழைய உரசல் மாறாமல் ‘லாஹ்’ என்றே நிற்கிறது. மாணவர்களுக்கு அதைக் கேட்கச் செய்தால் ‘ஜி, எச்’ ஏன் அங்கே இருக்கிறது என்பது ஒரு நொடியில் விளங்கிவிடும்.

வாசகர், ஸ்டாக்ஹோம்: இங்கே சிரிப்பதற்கு ‘ஸ்க்ரட்டா’ என்கிறார்கள், ‘லே’ என்றால் புன்னகை. ஒஸ்லோவில் இருக்கும் நண்பரோ ‘லே’ என்றால் வாய்விட்டுச் சிரிப்பது என்கிறார். டேனிஷ் தோழி ஒருவர் ‘க்ரீனெ’ என்று எழுதியதை அவர் அழுகை என்று எண்ணிக் கலங்கிவிட்டார். ஒரே குடும்பத்து மொழிகளில் இவ்வளவு குழப்பம் ஏன்?

இந்தப் பொருளில் என்னை மிகவும் ஈர்ப்பது இந்தக் கேள்விதான். இதுவரை நாம் பார்த்த ஒலிமாற்றங்களுக்கு விதி உண்டு. ‘ஹ்’ உதிரும்போது எல்லாச் சொற்களிலும் ஒரே வகையாக உதிரும். பொருள் அப்படி நடப்பதில்லை. ஒரு சொல்லின் பொருள், பக்கத்தில் எந்தச் சொல் வந்து குடியேறுகிறது என்பதைப் பொறுத்து நகரும். ஆகவே ‘லே’ என்பதை மட்டும் தனியே எடுத்து ஆராய்ந்தால் விடை கிடைக்காது; அதன் அண்டை அயலாரைப் பார்க்க வேண்டும்.

ஸ்வீடனில் வந்த அயல்சொல் ‘ஸ்க்ரட்டா’. கரகரவென்ற சத்தத்தைக் குறித்த ஒலிக்குறிப்பு அது. டேனிஷ் மொழியில் அதன் உறவுச் சொல் இன்றும் விரிசல் விட்ட பொருள் எழுப்பும் ஒலியையே குறிக்கிறது. உரத்த சிரிப்புக்கு முதலில் வழங்கிய அச்சொல், பிறகு சத்தத்தோடு சிரிக்கும் எல்லாச் சிரிப்புக்கும் பொதுவாயிற்று. சத்தம் அதன் வசம் போனதால், பழைய ‘லே’வுக்குச் சத்தமில்லாத சிரிப்பு மட்டும் எஞ்சியது. ஆங்கிலத்தின் ‘ஸ்மைல்’ என்பதற்கு உறவான ‘ஸ்மீலா’ என்ற சொல்லும் ஸ்வீடிஷில் உண்டு. ஆனால் புன்னகையின் நல்ல பொருளை ‘லே’ எடுத்துக்கொண்டதால், காரியம் சாதிக்கக் குழைந்து இளிப்பதுதான் அதன் பங்குக்கு வந்தது.

டென்மார்க்கில் வேறு கதை. அங்கே அன்றாடப் பேச்சில் சிரிப்பதற்கு ‘க்ரீனெ’ என்றே சொல்கிறார்கள். ‘லே’ எழுத்து வழக்குக்கும் பழமொழிக்கும் உரிய சொல்லாகிவிட்டது. கடைசியில் சிரிப்பவனே நன்றாகச் சிரிப்பான் என்னும் பழமொழி இந்த மொழிகள் எல்லாவற்றிலும் இருக்கிறது. டேனிஷ்காரர் அதை ‘டென் டேர் லேர் சிஸ்ட், லேர் பெஸ்ட்’ என்று பழைய வினையாலேயே சொல்கிறார். ஸ்வீடிஷ்காரர் அதே பழமொழியில் ‘ஸ்க்ரட்டா’வைப் புகுத்திவிட்டார். ஜெர்மன்காரரும் டச்சுக்காரரும் ‘லாஹென்’ என்பதையும், ஐஸ்லாந்துக்காரர் ‘ஹ்லையா’ என்பதையும் விட்டுவிடவில்லை. நார்வே மட்டும் ‘லே’ என்பதைப் பேச்சிலும் எழுத்திலும் பழைய பொருளிலேயே வைத்திருக்கிறது.

இனி, உங்கள் நண்பரைக் கலங்கவைத்த ‘க்ரீனெ’. டேனிஷில் அது சிரிப்பு, நார்வேஜியனில் அழுகை. ஸ்வீடிஷ் பேச்சுவழக்கின் ‘க்ரீனா’ பெரும்பாலான இடங்களில் அழுவதையும், தெற்கிலும் மேற்கிலும் பல இடங்களில் சிரிப்பதையும் குறிக்கிறது. அச்சொல்லின் ஆதிப்பொருள் சிரிப்புமன்று, அழுகையுமன்று. உதட்டை இழுத்துப் பல்லைக் காட்டுவதே அதன் பொருள். வலியிலும் கோபத்திலும் அழுகையிலும் மகிழ்ச்சியிலும் மனித முகம் இதைச் செய்கிறது. முகத்தின் செயலுக்கு ஏற்பட்ட பெயரை ஒவ்வொரு சமூகமும் ஒவ்வோர் உணர்ச்சிக்கு உரிமையாக்கிக்கொண்டது. ஜெர்மனில் ‘கிரைனென்’ என்றால் சிணுங்கி அழுவது. டச்சில் ‘க்ரீனென்’ அழுகை, ‘க்ரெய்ன்ஸென்’ இளிப்பு. ஆங்கிலத்தின் ‘க்ரின்’, ‘க்ரோன்’ இரண்டும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவைதாம். பழைய ஆங்கிலத்தில் ‘க்ரென்னியன்’ என்றால் வலியிலோ சினத்திலோ பல்லைக் கடித்துக் காட்டுவது. அதை இன்றைய ‘க்ரின்’ என்று மட்டும் எண்ணிப் படித்தால் பழைய உரைகள் பிழையாகவே விளங்கும்.

புன்னகைக்கான சொற்களில் ஒரு மகிழ்ச்சியான ஒற்றுமை உண்டு. புன்மை என்பதைச் சிறுமை என்னும் பொருளில் நகையோடு சேர்த்துத் தமிழ் ‘புன்னகை’யை ஆக்கியதைப் போலவே, ஜெர்மனும் ‘லாஹென்’ என்பதன் சிறுமை வடிவமாக ‘லெஹெல்ன்’ என்பதை ஆக்கியிருக்கிறது. டச்சின் ‘ஹ்லிம்லாஹென்’ என்பதிலும் சிரிப்பே புன்னகைக்கு அடிப்படை. ஆங்கிலம் அப்படிச் செய்யவில்லை. அதற்குப் பழங்காலத்தில் புன்னகைக்கென்று ‘ஸ்மெயார்கியன்’ என்னும் தனிச்சொல் இருந்தது. ஏறத்தாழ 1300ஐ ஒட்டி ‘ஸ்மைல்’ வந்து சேர்ந்தபின், நல்ல புன்னகை அதன் பக்கம் சாய, பழைய சொல் ‘ஸ்மர்க்’ என்று தேய்ந்து, ஆணவத்தோடு உதட்டோரம் சிரிப்பதைக் குறிக்கலாயிற்று. ஸ்வீடிஷில் ‘ஸ்மீலா’வுக்கு நேர்ந்தது ஆங்கிலத்தில் ‘ஸ்மர்க்’ என்பதற்கு நேர்ந்திருக்கிறது.

உங்களுக்குப் பயன்படும் சுருக்கமான வழி இது: கோபன்ஹேகனில் சிரிப்புக்கு ‘க்ரீனெ’, ஒஸ்லோவில் ‘லே’, ஸ்டாக்ஹோமில் ‘ஸ்க்ரட்டா’. அழுகைக்கு டேனிஷில் ‘க்ரேதெ’, நார்வேஜியனில் ‘க்ரோதெ’, ஸ்வீடிஷில் ‘க்ரோதா’ என்று மூன்றிலும் ஒரே குடும்பத்துச் சொல் இருப்பதால் அதில் குழப்பம் வராது. வுல்ஃபிலா அழுகைக்கு எழுதிய ‘க்ரேதன்’ என்பதும் அதுவே.

வாசகர், திருச்சி: ‘ஷேக் – ஷுக்’ போல ‘லாஃப்’ என்பதற்கு உயிர் மாறும் இறந்தகாலம் இருந்ததா?

இருந்தது, நீங்கள் காட்டிய வகையேதான் அது. பழைய ஆங்கிலத்தில் சிரித்தான் என்பது ‘ஹ்லோஹ்’. பதினான்காம் நூற்றாண்டின் இறுதியிலும் ஆங்கிலக் கவிஞர் சாஸர் தம் ‘கான்டர்பரி டேல்ஸ்’ நூலில் சிரித்தார்கள் என்பதற்கு ‘லோஹெ’ என்றே எழுதினார். பிறகு ஆங்கிலத்தில் ‘லாஃப்ட்’ என்னும் விகுதி வடிவம் வென்றது. ஜெர்மன் முற்றிலும் ‘லாஹ்டெ’, ‘கெலாஹ்ட்’ என்று மாறிவிட்டது. டச்சு நடுவழியில் நிற்கிறது: இறந்தகாலம் ‘லாஹ்டெ’ என்று புதிதாகிவிட்டாலும், எச்சம் ‘ஹெலாஹென்’ என்று பழைய விகுதியையே தாங்கியிருக்கிறது. ஸ்காட்ஸில் உயிர் மாறும் பழைய வடிவம் உண்டு. வடக்கு மொழிகள் யாவும் அதைக் காத்தன: ஐஸ்லாந்தில் ‘ஹ்லோ’, டேனிஷில் ‘லோ’, நார்வேஜியனில் ‘லூ’, ஸ்வீடிஷில் ‘லூக்’.

ஸ்வீடிஷில் திடீரென முளைக்கும் அந்த ‘க்’ பிழையன்று. பழைய ஆங்கிலத்திலும் ஒருமை ‘ஹ்லோஹ்’, பன்மை ‘ஹ்லோகொன்’. ஐஸ்லாந்தில் இன்றும் ஒருமை ‘ஹ்லோ’, பன்மை ‘ஹ்லோகும்’. பண்டைக்காலத்தில் ஒருமையில் அடிச்சொல்லின் மேலும், பன்மையில் விகுதியின் மேலும் அழுத்தம் விழுந்ததால் ‘ஹ்’ ஒலி இரண்டாகப் பிரிந்தது என்பதை 1870களில் டேனிஷ் அறிஞர் கார்ல் வெர்னர் விளக்கினார். மேலே ஒலிமாற்றத்துக்கு விதி உண்டு என்றேன். கிரிம் வகுத்த விதிக்கு விலக்கு என்று பலகாலம் கருதப்பட்டவையும் விதிக்கு உட்பட்டவையே என்று காட்டியவர் அவர். பன்மையின் அந்த ‘க்’ ஸ்வீடிஷில் ஒருமைக்கும் பரவிவிட்டது.

வாசகி, தஞ்சாவூர்: பழைய ஜெர்மானியக் கவிதைகளில் இந்த வினை எத்தகைய சிரிப்பைக் குறிக்கிறது?

பெரும்பாலும் வேடிக்கையைக் கேட்டுச் சிரிக்கும் சிரிப்பை அன்று. போர்க்களத்திலும் மரணத்தின் முன்னும் எழும் சிரிப்பே அங்கே மிகுதி. ‘பேயோவுல்ஃப்’ என்னும் பழைய ஆங்கிலக் காப்பியத்தில், இரவில் மண்டபத்துக்குள் நுழையும் கிரெண்டல் என்னும் அரக்கன், வரிசையாக உறங்கும் வீரர்களைக் கண்டதும், 730ஆம் வரியில் ‘தா ஹிஸ் மோத் ஆஹ்லோக்’ என்று வருகிறது. அவன் உள்ளம் சிரித்தது என்பது பொருள். அதே காப்பியத்தின் இறுதியில், மன்னன் இறந்த செய்தியைச் சொல்லும் தூதன், தலைவன் சிரிப்பைக் கீழே வைத்துவிட்டான் என்கிறான். இறப்பை உயிர் போவதாகச் சொல்லாமல், ஆயுதத்தை இறக்கி வைப்பதுபோல் சிரிப்பை இறக்கி வைப்பதாகச் சொன்ன அந்தக் கவிஞரின் பெயர் நமக்குக் கிடைக்காமல் போனது பெரும் இழப்பு.

கிரெண்டலின் உள்ளம் சிரித்ததைப் போலவே, பழைய தெய்வங்களையும் வீரர்களையும் பாடும் ஐஸ்லாந்தின் எத்தா பாடல்களில் தோர் என்னும் தெய்வத்தின் உள்ளமும் சிரிக்கிறது. களவுபோன தன் சம்மட்டியை மீட்க மணப்பெண் வேடத்தில் அரக்கர் வீட்டுக்குச் சென்ற தோர், அந்தச் சம்மட்டியைக் கண்ட கணத்தில், ‘ஹ்லோ ஹ்லோர்ரிதா ஹுக்ர் ஈ ப்ரியோஸ்தி’ என்கிறது பாடல். ஹ்லோர்ரிதி என்பது தோரின் இன்னொரு பெயர். அவன் நெஞ்சில் உள்ளம் சிரித்தது என்பது பொருள். இந்தக் கவிதைகள் மோனையால் கட்டப்பட்டவை. மூன்று சொற்கள் ‘ஹ்’ என்று தொடங்குவதைத் தமிழ் வாசகரின் காது தானாகவே பிடித்துக்கொள்ளும்.

இந்த மோனை, ஆய்வாளருக்குச் சான்றாகவும் பயன்படுகிறது. பாம்புக் குழியில் கிடக்கும் ரக்னர் என்னும் வீரன் பாடுவதாக அமைந்த ‘க்ராகுமால்’ என்னும் பாடலின் கடைசி வரி, ‘சிரித்தபடியே சாவேன்’ என்பது. அந்த இடத்தில் சிரித்தல் என்னும் சொல், ‘ல’வில் தொடங்கும் சொற்களோடு மோனை கொள்கிறது. ‘ஹ்’ ஒலித்திருந்தால் அந்த மோனை பொருந்தாது. ஆகவே சொல்முதல் ‘ஹ்’ ஏற்கனவே உதிர்ந்துவிட்ட வழக்கைப் பேசியவரே, அதாவது ஐஸ்லாந்துக்கு வெளியே இருந்த ஒருவரே, அந்த வரியை யாத்திருக்க வேண்டும் என்று கருத இடமிருக்கிறது.

வரலாற்றுப் போர் ஒன்றைப் பாடும் கவிதையிலும் இச்சிரிப்பு உண்டு. 991இல் எஸ்ஸெக்ஸின் மால்டனில் வைக்கிங்குகளை எதிர்த்து நின்ற பிர்ஹ்ட்னோத் என்னும் தலைவன், பகைவனை வீழ்த்தியதும் ‘ஹ்லோஹ்’, சிரித்தான். தனக்குக் கிடைத்த அந்த நாளுக்காக இறைவனுக்கு நன்றி சொன்னான். அதற்கடுத்த வரிகளிலேயே அவன்மேல் ஈட்டி பாய்கிறது. அந்தச் சிரிப்பைச் செருக்கு என்று படிப்பவர்கள் உண்டு. நன்றியோடு சேர்ந்து வருவதால் அதை ஒரு வீரனின் நிறைவு என்றே நான் படிக்கிறேன்.

வாசகர், யாழ்ப்பாணம்: ‘கலகல’வென்று சிரிக்கும் தமிழுக்கும், ‘ஹாஸ்யம்’ என்னும் வடசொல்லுக்கும் இந்த ஜெர்மானிய வினையோடு உறவு உண்டா?

இல்லை. ஜெர்மானிய வேர் சிரிப்பொலியைப் போலச் செய்து பிறந்தது என்று சொல்லாய்வாளர் பலர் கருதுகிறார்கள். நம் ‘கலகல’வும் ஒலிக்குறிப்பே. ஒரே ஒலியைக் கேட்டு இரு சமூகங்கள் தனித்தனியே உண்டாக்கிய சொற்கள் ஒத்திருப்பதை உறவாகக் கொள்ள முடியாது. ‘ஹாஸ்யம்’ என்பதன் வேரும் வேறு. அதில் கேட்கும் ‘ஹ’ ஆங்கிலத்தின் ‘ஹ’வோடு ஒலிவிதிப்படி பொருந்தாது; ஏனெனில் ஜெர்மானிய ‘ஹ்’ பழைய ‘க்’கிலிருந்து வந்தது என்று மேலே பார்த்தோம்.

உண்மையான உறவு வேறோரிடத்தில் இருக்கிறது. ‘மந்தஸ்மிதம்’ என்று நம் கீர்த்தனைகளிலும், ‘சுஸ்மிதா’ என்று நம் வீட்டுப் பெண்களின் பெயரிலும் வழங்கும் ‘ஸ்மித’ என்பதும் ஆங்கிலத்தின் ‘ஸ்மைல்’ என்பதும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து வந்தவை. ரஷ்ய மொழியிலும் லாத்விய மொழியிலும் அந்த வேர் புன்னகையை விட்டு வாய்விட்டுச் சிரிப்பதற்கே உரியதாகிவிட்டது.

சிரிப்பொலி பற்றிக் கேட்டதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். ஏறத்தாழ கி.பி. 1000இல் எல்ஃப்ரிக் என்னும் ஆங்கிலத் துறவி லத்தீன் இலக்கணம் ஒன்றை ஆங்கிலத்தில் எழுதினார். வியப்பிடைச் சொற்களைப் பேசும் இடத்தில், ‘ஹஹ’, ‘ஹெஹெ’ ஆகியவை லத்தீனிலும் ஆங்கிலத்திலும் சிரிப்பையே குறிக்கும், ஏனெனில் அவை சிரித்துக்கொண்டே சொல்லப்படுபவை என்று அவர் விளக்குகிறார். அவர் காலத்து வினையாகிய ‘ஹ்லியெஹ்ஹன்’ இன்று ‘லாஃப்’ ஆகிவிட்டது. அவர் எழுதிய ‘ஹஹ’வோ ஓர் ஒலியும் மாறாமல் இருக்கிறது. ஒலிக்குறிப்பு, தான் குறிக்கும் ஒலியிலிருந்து ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாகவே உண்டாக்கப்படுவதால், வினைச்சொற்களை மாற்றும் விதிகள் அதைப் பெரும்பாலும் தீண்டுவதில்லை.